அன்னபட்சி வரைந்த மருந்துச் சீட்டு

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் ஒருவருக்கு இடது கண் போனதற்கும் வலது கண்ணில் ஒரு பகுதி போனதற்கும் காரணம் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றி வெளிவந்த மூன்று பாராட்டு மலர்களிலும் இந்தச் செய்தி இல்லை. அவற்றில் இரண்டுக்கு நானே பிழை திருத்தினேன்.

நான் பொது மருத்துவர். காஞ்சிபுரத்தில் ஒரே தெருவில், ஒரே அறையில், நாற்பது ஆண்டுக்கு மேல் நோயாளிகளைப் பார்த்தேன். ஊரில் என்னை வெறும் டாக்டர் என்று யாரும் சொல்வதில்லை. பாடுகிற டாக்டர், படம் போடுகிற டாக்டர், கோயிலில் பேசுகிற டாக்டர் என்று ஏதாவது ஒன்று முன்னால் சேர்ந்துகொள்ளும். அப்படிச் சேர வேண்டும் என்பதற்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. மருத்துவம் மட்டும் தெரிந்த மருத்துவர் ஊரில் ஐம்பது பேர் இருந்தார்கள். அந்த ஐம்பதில் ஒருவனாக இருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஊசி போடும்போது பாடுவேன். குழந்தைகளுக்கு மோகனம், பெரியவர்களுக்கு முகாரி. குழந்தை ஊசிக்கு அழுததா, பாட்டுக்கு அழுததா என்று நான் ஆராய்ந்ததில்லை. வெண்பாவும் எழுதுவேன். வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுக்கும் முறையை வெண்பாவாக்கிச் சுவரில் ஒட்டியிருந்தேன். 'இனிப்பு' என்ற சொல்லுக்கு மோனை வேண்டியிருந்ததால் ஒரு சிட்டிகை உப்பு, இரு சிட்டிகை உப்பு ஆகிவிட்டது. ஊசி போட வந்த நர்ஸ் ஒருத்தி படித்துவிட்டு, "சார், இதைக் குடிச்சா கொழந்தைக்கு இன்னும் தாகம் எடுக்கும்" என்றாள். கழற்றிவிட்டேன். கழற்றும்போது வெண்பாவுக்காகத்தான் வருந்தினேன்.

இவற்றுக்கெல்லாம் மேலே, நான் கருணை மிக்கவன் என்று பெயர். அந்தக் கருணை எப்படி வேலை செய்தது என்றும் சொல்ல வேண்டும். கசப்பான எதையும் நோயாளியிடம் சொல்ல எனக்கு வாய் வராது. சர்க்கரை நோய் இருக்கிறது என்று சொல்ல வேண்டிய இடத்தில், "இனிப்பைக் கொஞ்சம் பாத்துக்கப்பா" என்பேன். அவர் சிரித்த முகத்தோடு போவார். அடுத்த முறை காலில் புண்ணோடு வருவார். நானும் சிரித்த முகத்தோடுதான் வரவேற்பேன். ஊசி கேட்டவருக்கு ஊசி, டானிக் கேட்டவருக்கு டானிக். பக்கத்துத் தெருவில் கண்டிப்பான மருத்துவர் ஒருவர் இருந்தார். "உனக்கு மருந்து வேண்டாம், போய்த் தூங்கு" என்று அனுப்பிவிடுவார். அவருக்குக் கருணை இல்லை என்று ஊர் முடிவு செய்தது. அவரிடம் போனவர்கள் நலமாக இருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

இனி அந்தச் சீட்டு.

மருத்துவர்கள் எழுதுவது யாருக்கும் புரியாது என்பார்கள். என் எழுத்து அப்படி இருக்காது. முத்து முத்தாக, மருந்தின் பெயரை ஆங்கிலத்தில், வேளையைத் தமிழில் எழுதுவேன். மருந்துக் கடைக்காரர் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார். "மத்தவங்க சீட்டு வந்தா நாங்க நாலு பேரு கூடி மீட்டிங் போடணும் சார். உங்க சீட்டைக் கண்ணை மூடிக்கினே படிச்சிடலாம்" என்பார். அப்படியே செய்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

எழுத்து அழகாக இருந்தால் போதாது என்று, சீட்டின் மூலையில் ஒரு படமும் வரைய ஆரம்பித்தேன். முசரவாக்கத்துப் பக்கத்திலிருந்து வரும் விவசாயிக்குக் கொக்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அணில். நெசவாளர்களுக்கு அவர்கள் சேலையில் போடுகிற யாளி, ருத்திராட்சம், அன்னபட்சி. நோயாளி தன் உபாதையைச் சொல்லச் சொல்ல என் கை வரைந்துகொண்டிருக்கும். "டாக்டரு எவ்ளோ பொறுமையா கேக்கறாரு பாரு" என்று வெளியே பேசிக்கொள்வார்கள். படம் முடிகிறவரை எனக்கு வேறு வேலை இல்லாததால் அப்படி ஒரு பொறுமை. படம் முடிந்த பிறகு மிச்சமிருக்கிற இடத்தில் மருந்து எழுதுவேன்.

அந்த நெசவாளர் கண் சிவந்து வந்தார். ஐம்பதை நெருங்கிய வயது. ஜரிகையின் பளபளப்பைப் பத்து மணி நேரம் பார்க்கிற கண்.

"மண்ணை வாரிக் கொட்ன மாரி இருக்குது சார். தறியில உக்கார முடியல."

ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து எழுதினேன். எழுதியது தவறில்லை. இரண்டு நாளில் எரிச்சல் அடங்கும். ஐந்து நாள் போட்டு நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாமல் மாதக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். வலி இருக்காது, சிவப்பு இருக்காது. பார்வை ஓரத்திலிருந்து உள்ளே தேய்ந்துகொண்டே வரும். போனது திரும்பாது. இது படிக்கிற காலத்திலேயே எங்களுக்குச் சொல்லித் தரப்பட்டது. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

மருந்தின் பெயர் எழுதினேன். காலை, மதியம், இரவு என்று எழுதினேன். அடுத்த வரியில் 'ஐந்து நாள் மட்டும், மறுபடி வாங்கக் கூடாது' என்று வந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் அன்னபட்சியின் வால் இருந்தது. அன்று கை நன்றாக ஓடியது. வால் கொடியாகப் பிரிந்து, கொடியில் மொட்டு விட்டு, சீட்டின் கீழ்ப்பாதி முழுக்கச் சுருண்டு கிடந்தது. அதன் மேல் எழுதிக் கெடுக்க மனம் வரவில்லை. வாயால் சொன்னேன் என்று நினைக்கிறேன். உண்மையில் சொன்னேனா என்று இன்றும் எனக்கு உறுதியாகத் தெரியாது.

அவர் சீட்டைக் கையில் வாங்கியதும் கண் எரிச்சலை மறந்துவிட்டார். "இந்த வாலு எங்க டிசைன் மாஸ்டருக்கே வராது சார்" என்றார். அதைக் கட்டம் போட்ட தாளில் ஏற்றி, தறியில் மாட்டும் துளை அட்டை அடித்து, ஒரு சேலையின் முந்தானையில் நெய்தார். சேலையைப் பார்த்தவர்கள் புகழ்ந்தார்கள். அவர் எனக்கு இனிப்போடு வந்தார்.

"சீட்டை லேமினேட் பண்ணி வெச்சிக்கினேன் சார். எங்க பரம்பரைக்கே இருக்கட்டும்."

இதைக் குறைந்தது பத்து மேடைகளில் சொல்லியிருக்கிறேன். ஒரு மருத்துவனின் சீட்டை நெசவாளி லேமினேட் செய்து வைக்கிறான் என்றால் என்ன அன்பு, என்ன கலை. கூட்டம் கைதட்டும். காகிதச் சீட்டு நனையும், கிழியும், சட்டைப்பையோடு துவைபடும். அதனாலேயே பழைய மருந்திலிருந்து எத்தனையோ பேர் தப்பிக்கிறார்கள். லேமினேட் செய்த சீட்டுக்கு மட்டும் சாவே கிடையாது. இது அந்தப் பத்து மேடைகளில் ஒன்றில்கூட எனக்குத் தோன்றவில்லை.

மூன்று வருடம் ஓடியது. நடுவில் பல தடவை அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன், நோய் பார்க்க அல்ல, படம் வரைய. அவர் தறியில் உட்கார்ந்திருப்பார். வலது பக்கத்தில் அவர் மனைவி கோர்வைக்கு உட்கார்ந்து, கரைக்கான நாடாவை, அதாவது ஊடு நூல் ஓடத்தை, தள்ளிக்கொண்டிருப்பார். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று வரும் சேலைக்கு இப்படி இரண்டு பேர் வேண்டும். நாடா இடப்பக்கம் போகும்போதெல்லாம் அவர் முகத்தை முழுதாக அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தார். ஒவ்வொரு இழைக்கும் ஒரு திருப்பல். அதில் எனக்கு ஒரு தாளம் தெரிந்தது.

"இப்பல்லாம் இவரு கழுத்தைப் பாருங்க சார், கோழி மாரி" என்றார் அவர் மனைவி. "எதிர்ல வர்ற ஆளைப் பாப்பாரு, பக்கத்துல வர்ற ஆளைப் பாக்க மாட்டாரு. நேத்து அந்தப் பக்கம் இருந்த குடத்துல முட்டிக்கினாரு."

"குடம் தானா வந்து முட்டுச்சு" என்றார் அவர்.

"ஆமா, குடத்துக்குக் காலு மொளைச்சிடுச்சு."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வரைந்தேன். இடப்பக்கக் கரையில் இழை விட்டுப்போய் இரண்டு சேலைகள் திரும்பி வந்ததாக அந்த அம்மாள் சொன்னார். கலைஞனுக்குச் சோதனை வருவது இயல்பு என்று நான் ஆறுதல் சொன்னேன். அன்று வரைந்த படத்துக்கு 'லயம்' என்று பெயர் வைத்து, அடியில் ஒரு வெண்பாவும் எழுதினேன். முகம் திரும்பும் அழகைத் தாமரை சூரியனைத் தேடுவதற்கு ஒப்பிட்டிருந்தேன்.

எனக்கு எழுபது நிறைந்தபோது ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா நடந்தது. 'பல்கலைக் கருணைச் செம்மல்' என்று பட்டம். பட்டத்தை விழாக் குழு யோசித்ததாகத்தான் அறிவிப்பு. குழுவுக்கு அதை யோசித்துக் கொடுத்தவன் நான். மண்டபத்தின் ஓரச் சுவரில் என் படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஊருக்குப் புதிதாக வந்திருந்த கண் மருத்துவர் ஒருவர், முப்பத்தைந்து வயதுப் பெண், வந்திருந்தார். வணக்கம் சொன்னார். "எங்கம்மா வாலாஜாபாத்துலேர்ந்து ரயில்ல வந்து உங்ககிட்டதான் சார் காட்டுவாங்க. என் சீட்டுல நீங்க அணில் போட்டுத் தருவீங்க" என்றார். அந்த வார்த்தையில் நான் குளிர்ந்துபோயிருந்தேன். அவர் நெசவாளரை நான் வரைந்த ஐந்து படங்களுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இது யாரு சார்?"

"நம்ம ஊரு நெசவாளர்மா. அந்தத் திரும்பலைப் பாத்தீங்களா? நாடாவோட மனசும் போகுது."

"அஞ்சு படத்துலயும் இவருதானா?"

"அஞ்சுலயும் அவர்தான்."

"அஞ்சுலயும் ஒரே பக்கம் திரும்பறாரே. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் திரும்பறாரா?"

"ஒவ்வொரு தடவையும்" என்றேன், பெருமையாக.

அவர் குரலைத் தாழ்த்தினார். "இவருக்கு அந்தப் பக்கம் பார்வை இருக்குதானு பாத்தீங்களா சார்?"

அந்த நேரத்தில் யாரோ பின்னாலிருந்து என் தோளில் ஒரு பொன்னாடையைப் போட்டார்கள். ஏழாவது. நான் திரும்பிக் கைகூப்பினேன். மறுபடி சுவரைப் பார்த்தபோது அங்கே ஐந்து கலைப் படங்கள் இல்லை. ஒரே நோயாளியின் ஐந்து படங்கள் இருந்தன. நோயை ஐந்து முறை நேரில் பார்த்து, ஐந்து முறை ரசித்திருந்தேன்.

மறுநாளே நெசவாளரை அந்த மருத்துவரிடம் அழைத்துப்போனேன். ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அவர் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தார். "தூங்கிட்டியாப்பா?" என்று கேட்டேன். "இன்னும் ஆரம்பிக்கலியே சார்" என்றார். புள்ளிகள் பாதிக்கு மேல் வந்து போயிருந்தன.

இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. வலது கண்ணில் நடுப் பார்வை இருந்தது, ஓரம் போயிருந்தது. கண்ணழுத்தம் மிக அதிகம். மருத்துவர் அவரிடம் மெதுவாக, ஆனால் எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். வலது கண்ணில் இருப்பதைக் காப்பாற்றுவதுதான் இனி வேலை என்றார். அப்படிச் சொல்ல முடியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. பிறகு கேட்டார்:

"கண்ணுக்கு ஏதாவது சொட்டு மருந்து ரொம்ப நாளா போடறீங்களா? கடையில வாங்கி?"

அவர் தலையை முழுதாகத் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "இல்லம்மா. எரிஞ்சா பன்னீரு ஊத்துவேன், அவ்ளோதான்" என்றார்.

நான் எழுதிய சொட்டு மருந்து எனக்கு ஞாபகம் வந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய ஐந்து நாள் மருந்து, அதை எதற்கு இப்போது என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். உண்மை அது அல்ல. தன் தாயாரைப் போலவே என்னை மதித்து வணங்கிய பெண்ணின் முன்னால் என் சீட்டைப் பற்றிப் பேச்சு வருவதை நான் விரும்பவில்லை. "நல்லவேளை கூட்டிக்கிட்டு வந்தீங்க சார்" என்று அவர் நன்றி சொன்னார். அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் நெசவாளர் திரும்பிப் பார்த்த பார்வை உறுத்தியது. இரண்டு நாள் கழித்து வீட்டுக்குப் போனேன். முன்பெல்லாம் தறியின் முன்னால் நின்று அவர் முகத்தையே பார்த்தவன், அன்று தறிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். தறிக்கால் ஒன்றில், சாமி படத்துக்குப் பக்கத்தில், என் சீட்டு தொங்கியது. அன்னத்தின் நெற்றியில் குங்குமம். அதன் கீழே ஆணியில் மாட்டிய சின்னப் பையில் சொட்டு மருந்துப் புட்டி. பாதி தீர்ந்த, புதிய புட்டி.

"இதை எப்போலேர்ந்து போடற?"

"நீங்க எழுதிக் குடுத்ததுலேர்ந்துதான் சார். கண்ணு எரிஞ்சா ரெண்டு சொட்டு. சில்லுனு இருக்கும். கடையில சீட்டை நீட்டினா போதும், டாக்டரு எழுத்துனு உடனே குடுத்துடுவாரு."

"அந்த டாக்டரம்மா கேட்டப்ப ஏன் சொல்லல?"

"நல்லா இருக்கே. அந்தம்மா உங்களைத் தப்பா நெனைச்சிட்டா? நீங்க குடுத்த மருந்தை நானே போய்க் காட்டிக் குடுப்பனா?"

எனக்கு முன்னாலேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. சந்தேகப்பட்டும் என்னைக் காப்பாற்றியிருக்கிறார். அந்த இடத்தில் நான், இந்த மருந்துதான் உன் கண்ணைக் கெடுத்தது, இனி ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பத்து வார்த்தை போதும். அவற்றில் ஒன்றுகூட எனக்கு வரவில்லை. நாற்பது ஆண்டுப் பழக்கம் முன்னால் வந்து நின்றது.

"இப்போதைக்கு இதை எடுத்து வைப்பா. ரெண்டு மருந்து சேரக் கூடாது" என்றேன். மென்மையாகச் சொன்னேன். கருணையோடுகூடச் சொன்னேன்.

அவர் சொன்னபடி கேட்கிற மனிதர். இரண்டு மருந்தும் சேரக் கூடாது என்றதால், சேராமல் பார்த்துக்கொண்டார். என் மருந்தைக் காலையிலும், கண் மருத்துவரின் மருந்தை ராத்திரியிலும் போட்டார். நடுவில் பன்னிரண்டு மணி நேரம் இடைவெளி விட்டார்.

ஒரு மாதம் கழித்து கண் மருத்துவர் போன் செய்தார். அழுத்தம் இறங்கவில்லை, மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று புரியவில்லை என்றார். இப்படியே போனால் வலது கண்ணும் நிற்காது, அறுவை சிகிச்சைதான் வழி, இவ்வளவு குறைந்த பார்வையில் அதிலும் ஆபத்து உண்டு என்றார். "ஏதோ ஒண்ணு எனக்குத் தெரியாம நடக்குது சார்" என்றார்.

போனைக் கையில் வைத்துக்கொண்டே கிளம்பினேன். வீட்டில் அவரும் மனைவியும் தறியில் ஏற்றப் பாவு நூலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே கேட்டேன். காலையில் உங்களது, ராத்திரியில் அந்தம்மாவுது என்று அவர் பெருமையோடு விளக்கினார். உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேசிவிடுவேன் என்று பயம்.

சொன்னேன். சொட்டு மருந்துதான் கண்ணைக் கெடுத்தது, ஐந்து நாளுக்கு மேல் போடக் கூடாதது, சீட்டில் நான் அதை எழுதவில்லை, போன மாதம் தெரிந்த பிறகும் காரணத்தைச் சொல்லவில்லை. மொத்தமே நாலு வாக்கியம்.

அந்த அம்மாள் கையிலிருந்த பாவு நூலை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் சார் எழுதல?"

"இடம் இல்லம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது, அதுதான் உண்மை.

அந்த அம்மாள் எழுந்து போய்ச் சீட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். முந்தானையால் குங்குமத்தைத் துடைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இம்மாம் பெரிய வாலு. இதைச் சுருக்கி இருந்தா இடம் இருந்திருக்குமே சார். அஞ்சு நாளுனு எழுத எம்மாம் இடம் வேணும்?"

"விடு" என்றார் நெசவாளர். "சாரு வேணும்னா பண்ணாரு? பெரியவரு, நம்ம வூடு தேடி வந்து சொல்றாரு..."

"நீ வாயை மூடுய்யா. அவரு உனக்கு மரியாதை குடுத்தாரு, நீ அவருக்கு மரியாதை குடுத்த. ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் குடுத்துக்கினீங்க. நடுவுல கண்ணு பூட்ச்சு."

புட்டியை அந்த அம்மாள் உடைத்து எறியவில்லை. மூடியைத் திறந்து, மிச்ச மருந்தை முற்றத்து மூலையில் சொட்டுச் சொட்டாக முழுவதும் ஊற்றினார். புட்டி காலியாகும்வரை நான் நின்று பார்த்தேன்.

மறுநாள் காலை கண் மருத்துவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டு, நோயாளியின் கோப்பில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, "போன மாசமே சொல்லியிருக்கலாம் சார்" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. நான் இத்தனை வருடம் மற்றவர்களுக்குக் காட்டிய கருணை எப்படி வலிக்கும் என்று அன்று தெரிந்தது.

பிறகு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. லேமினேட் செய்தவர் இவர் ஒருவர்தானா? மருந்துக் கடைக்காரரைக் கேட்டேன்.

"அது நெறைய பேரு வெச்சிருக்காங்க சார். உங்க சீட்டுதான் கிழியாம வரும்."

"எப்ப எழுதினதுனு தேதி பாக்க மாட்டீங்களா?"

"உங்க சீட்டுக்குப் போய்த் தேதி பாக்கறதா?" என்று அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நோயாளி பார்ப்பதை நிறுத்திவிட்டு, சீட்டு திரும்பப் பெறும் வேலையில் இறங்கினேன். தெருத்தெருவாகப் போனேன். ஒரு வீட்டில் என் சீட்டு பூஜை அலமாரியில் இருந்தது. மலச்சிக்கலுக்கு எழுதியது. தினமும் அதற்குச் சூடம் காட்டியிருக்கிறார்கள். இன்னொரு வீட்டில், "ஒரிஜினலைக் குடுக்க மாட்டோம் சார், வேணும்னா ஜெராக்ஸ் எடுத்துக்குங்க" என்றார்கள். ஓரிக்கையில் ஒருவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்து, "இன்னா சார், மியூசியத்துல எதனா கேக்கறாங்களா?" என்றார். இது பழைய மருந்து, இனி வாங்காதீர்கள் என்று மார்க்கர் பேனாவால் மேலே எழுதிப் பார்த்தேன். லேமினேட் தாளில் மை ஒட்டவில்லை. விரல் பட்டால் அழிந்தது.

கடைசியில் ஒரு கத்தரிக்கோலை எடுத்துப் போனேன். சீட்டை வெட்டி, படத்தை அவர்களிடமே கொடுத்துவிட்டு, மருந்து எழுதிய துண்டை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் மறுக்கவில்லை. மருந்து அவர்களுக்கு என்றைக்குமே வேண்டியிருக்கவில்லை போலிருக்கிறது.

விழாக் குழு மறுபடி வந்தது, அடுத்த விழாவுக்கு. நடந்ததைச் சொல்லி மறுத்தேன். நம்பவில்லை. சரி, மேடையில் நானே சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். என் சீட்டால் ஒருவர் கண் போனது, தெரிந்தும் ஒரு மாதம் வாய் திறக்கவில்லை என்று ஒலிபெருக்கியில் சொன்னேன். கைதட்டினார்கள். அடுத்துப் பேசியவர், தன் குறையைத் தானே சொல்லும் இந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும் என்று கேட்டார். எட்டாவது பொன்னாடை விழுந்தது. அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கைதட்டாமல் இருந்தால் போதும்.

என் மருந்தை நிறுத்திய பிறகு அழுத்தம் மெல்ல இறங்கியது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் மூன்று பேராகப் போனோம். வர வேண்டாம் என்று அந்த அம்மாள் ஒரு முறை சொன்னார். மறுமுறை சொல்லவில்லை. ஒரு நாள் மறுபடி அந்த வெளிச்சப் புள்ளிக் கருவியில் அவரை உட்காரவைத்தார்கள். கண் மருத்துவர் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"பார்வை இதுக்கு மேல குறையல. வலது கண்ணு அப்படியே நிக்குது. ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம். சொட்டு மருந்து ஒரு நாள்கூட விடக் கூடாது" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "இடது கண்ணு வராது" என்றும் சொன்னார்.

வெளியே வந்தோம். பேருந்து நிலையம் பக்கம்தான், நடக்கலாம் என்றார் அவர். நல்ல கூட்டம். சேலை வாங்க வந்தவர்களின் வேன்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. அவர் கொஞ்சம் உற்சாகமாக இருந்தார்.

"இப்ப இவதான் சார் தறியில உக்கார்றா. நான் பக்கத்துல கோர்வை ஆளு. ஒரு கரையை மட்டும் பாத்தா போதும் பாருங்க, அது எனக்குத் தெரியுது."

"தெரியுது, ஆனா தூக்கம் வந்துடுது" என்றார் மனைவி. "நாடாவைத் தள்ளுய்யானு நான் கத்திக்கினே இருக்கணும்."

"இருபது வருசம் நான் கத்தினேன் இல்ல?"

ஒரு ஸ்கூட்டர் அவர் இடது முழங்கையை உரசிக்கொண்டு போனது. அவருக்கு அது வந்ததே தெரியவில்லை. நின்று, கையைத் தடவிக்கொண்டார். வலப்பக்கம் அவர் கையைப் பிடித்திருந்த மனைவி என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க அந்தப் பக்கம் வந்துடுங்க" என்றார் அவர். "அந்தப் பக்கம் எனக்கு இல்ல."

நான் அவர் இடப்பக்கம் போய் நடந்தேன். வண்டிகளுக்குக் கையைக் காட்டிக்கொண்டு போனேன். கொஞ்ச தூரம் போனதும் அந்த அம்மாள் சொன்னார்:

"பேசிக்கினே வாங்க சார். இல்லாட்டி நீங்க கூட இருக்கீங்களா, பூட்டீங்களானு அவருக்குத் தெரியாது."

என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. மேடைக்கு மேடை பேசிய வாய். தெருவில் இருந்த கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துக்கொண்டு நடந்தேன். பட்டு ஜவுளி. செல்போன் பழுது பார்க்குமிடம். ஜரிகை வியாபாரம். காபி கிளப்.

"காபி கிளப் மூடிட்டாங்க சார்" என்றார் அவர், நேராகப் பார்த்தபடி. "பலகை மட்டும்தான் இருக்குது. மேல படிங்க."